பட்டியல் புதுசு, இன்ஜின் பழசு: கடை லினக்ஸில் கிளாம்ஏவியை மேம்படுத்திய கதை

14-9-2024, இரவு 9.40

லினக்ஸில் ஆன்டிவைரஸ் வைத்திருப்பவர்கள் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவையுங்கள். வைரஸ் பட்டியல் தினமும் தானாக இறங்கிக்கொண்டிருந்தால் போதாதா? மென்பொருளையும் மேம்படுத்தித்தான் ஆக வேண்டுமா?

காரைக்குடியில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ், ஃபிளெக்ஸ். கடை கணினியில் உபுண்டு 22.04 என்கிற லினக்ஸ், நாலு ஜிபி ராம், கிளாம்ஏவி என்கிற இலவச ஆன்டிவைரஸ். இன்று எதற்கோ, அதற்குப் பட்டியல் இறக்குகிற ஃப்ரெஷ்கிளாமின் பதிவை (லாக்) திறந்தேன். 'உங்கள் கிளாம்ஏவி காலாவதியாகிவிட்டது' என்று கொட்டை எழுத்தில் நிற்கிறது. இங்கே இருப்பது 0.103.11, பரிந்துரைப்பது 0.103.12. அதற்கடுத்த வரி 'டோன்ட் பேனிக்'. பதறாதே என்று சொன்ன பிறகுதான் எனக்குப் பதற்றமே வந்தது.

அதே பதிவில் நாலு வரி தள்ளி, டெய்லி பட்டியல் இன்றைய தேதி வரை சரியாக இருக்கிறது என்றும் போட்டிருக்கிறது. எதை நம்புவது?

14-9-2024, இரவு 11.15

'லினக்ஸுக்கு வைரஸே வராதே, எதற்கு இந்த வேலை' என்று யாராவது ஆரம்பிக்கும் முன்னால் சொல்லிவிடுகிறேன். நானும் அப்படித்தான் பேசிக்கொண்டு திரிந்தேன். விண்டோஸ் வைரஸ் என் கணினியில் ஓடாது, சரி. ஆனால் கடைக்கு ஒரு நாளைக்கு இருபது பென்டிரைவ் வருகிறது. அதில் பாதியில் அந்த ஷார்ட்கட் வைரஸ் இருக்கும். விண்டோஸில் செருகினால் போட்டோ கோப்புறை காணாமல் போய் அதே பெயரில் ஷார்ட்கட் மட்டும் நிற்கும். லினக்ஸில் செருகினால் மறைத்து வைத்த மூலக் கோப்புறையும் தெரியும், பக்கத்திலேயே போலியும் தெரியும், இரட்டைப் பிள்ளை மாதிரி. எனக்கு ஒன்றும் ஆகாது. அதை அப்படியே அடுத்தவர் பென்டிரைவுக்கு நகலெடுத்துக் கொடுத்தால்?

கொடுத்தேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பூப்புனித நீராட்டு விழா பத்திரிகையின் புரூஃபை வாடிக்கையாளரின் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் அவர் வந்து, "அண்ணே, உங்க கடையிலேருந்துதான் வந்திருக்கு, ஆபீஸ் மிசினு அத்தனையும் படுத்திருச்சு" என்றார். கடையில் நாலு பேர் நின்றார்கள். அன்றைக்கு ராத்திரியே கிளாம்ஏவி போட்டேன்.

15-9-2024, காலை 7.30

நேற்றைய கேள்விக்கு நானே பாதி பதில் கண்டுபிடித்தேன்.

ஃப்ரெஷ்கிளாம் இறக்குவது மூன்று கோப்புகள்: மெயின், டெய்லி, பைட்கோடு. நம் ஊர் வழக்கில் சொன்னால் மெயின் என்பது பேரேடு, டெய்லி என்பது நாள்வழி. தினமும் முழு நாள்வழியையும் இறக்குவதில்லை. நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் சின்னத் துண்டாக இறக்கி ஒட்டிக்கொள்கிறது. இந்த ஏடுகளைப் படித்துப் பார்த்து 'இது வைரஸ்' என்று சொல்கிறவர்தான் இன்ஜின். அவர் கணக்கப்பிள்ளை. ஏடு எவ்வளவு புதுசாக இருந்தாலும் கணக்கப்பிள்ளைக்குக் கண் மங்கினால் என்ன பிரயோஜனம்?

0.103.12 எதற்கு வந்தது என்று பார்த்தேன். செப்டம்பர் 4 அன்று வெளியிட்டிருக்கிறார்கள். இரண்டு ஓட்டைகளை அடைத்திருக்கிறார்கள். ஒன்று, பிடிஎஃப் கோப்பைப் பிரித்துப் படிக்கிற பகுதியில். ஏடாகூடமான ஒரு பிடிஎஃப் வந்தால் ஸ்கேனரே படுத்துவிடலாம். இன்னொன்று பதிவுக் கோப்பு சம்பந்தப்பட்டது. பிடிஎஃப் ஓட்டைதான் என் வயிற்றைக் கலக்கியது. என் கடைக்கு வருவதில் முக்கால்வாசி பிடிஎஃப். வைரஸ் பட்டியலைப் புதுப்பிப்பதால் இந்த ஓட்டை அடைபடாது, ஏனென்றால் ஓட்டை கணக்கப்பிள்ளையிடமே இருக்கிறது.

ஆக, மேம்படுத்த வேண்டும். எப்படி என்பதுதான் மிச்சம்.

15-9-2024, காலை 8.05

இன்னொரு பயம். மெயின் கோப்பின் தேதி 2021 செப்டம்பர் என்று காட்டுகிறது! பதிப்பு 62, உள்ளே 66,47,427 அடையாளங்கள். மூன்று வருஷமாகப் பேரேடு எழுதவே இல்லையா?

15-9-2024, காலை 8.40

மேலே கேட்டதை விடுங்கள். எல்லாருக்கும் அதே 62தான். மெயினை அடிக்கடி தொடுவதில்லை, புதியதெல்லாம் டெய்லியில்தான் சேர்கிறது. வருஷம் முடிந்தால் ஐந்தொகை போட்டுப் புது ஏடு தொடங்குகிற கடை இல்லை இது. என் உவமை ஒரு நாள்கூடத் தாங்கவில்லை.

16-9-2024, இரவு 10.50

ஆவணி முகூர்த்தம் இன்றோடு முடிந்தது. நாளை புரட்டாசி பிறக்கிறது, கல்யாண வேலை குறைவு, கை சும்மா இருக்காது. உபுண்டுவே மென்பொருள் தருகிற ஆப்ட்டில் தேடினால் இன்னும் 0.103.11தான் நிற்கிறது. பொறுமை இல்லை. கிளாம்ஏவியின் சொந்தத் தளத்துக்குப் போய் 1.4.1 டெப் கோப்பை (நிறுவல் பொதி) இறக்கி டிபிகேஜி கட்டளையில் நிறுவிவிட்டேன். 0.103 எங்கே, 1.4 எங்கே! ஏழு படி ஒரே தாவலில்.

உடனே வேலை செய்ததா? இல்லை. ஃப்ரெஷ்கிளாமைத் தட்டினால் அமைப்புக் கோப்பே (கான்ஃபிக்) இல்லை என்கிறது. இந்த டெப் எல்லாவற்றையும் யூஎஸ்ஆர் லோக்கல் என்கிற தனிக் கோப்புறைக்குள் கொண்டுபோய் வைக்கிறது. அமைப்புக் கோப்பாக மாதிரி மட்டும்தான் கொடுக்கிறார்கள். மாதிரியை நகலெடுத்துப் பெயர் மாற்றினேன். அப்போதும் திட்டுகிறது. உள்ளே 'எக்சாம்பிள்' என்று ஒற்றைச் சொல் தனி வரியில் நிற்கும், அதன் முன்னால் ஒரு ஹேஷ் போட்டு அடக்க வேண்டுமாம். படித்துப் பார்த்தாயா இல்லையா என்று சோதிக்க வைத்திருக்கிறார்கள். நான் படிக்கவில்லை.

பிறகு பட்டியல் முழுவதும் முதலிலிருந்து இறங்கியது, இருநூறு எம்பிக்கு மேல். கோப்புகளைச் சோதிக்கிற கிளாம்ஸ்கேன் கட்டளையிடம் பதிப்பைக் கேட்டேன்: 1.4.1. நிம்மதியாகப் படுக்கப் போகிறேன்.

17-9-2024, மாலை 6.20

நிம்மதி ஒரு ராத்திரிதான். காலையில் பட்டியல் எங்கே இறங்கியது என்று குழம்பி, கோப்புறையைக் காலி செய்து மறுபடி இறக்கினேன். அப்புறம் அனுமதிச் சிக்கல், மறுபடி காலி, மறுபடி இறக்கம். அடுத்த தடவை 429, அதாவது அளவுக்கு மீறிக் கேட்டுவிட்டாய் என்று கதவைச் சாத்திவிட்டார்கள். இத்தனை மணி வரை ஆறப்போடு என்று நாளைக்கு நேரம் குறித்துக் கொடுக்கிறது, முழுசாக 24 மணி நேரம். ஓசியில் கொடுக்கிறவனுக்கும் வரம்பு உண்டுதானே. உலகம் பூரா இப்படி முழுக் கோப்பையே திரும்பத் திரும்ப இழுத்ததால்தான் 2021இல் கட்டுப்பாட்டை இறுக்கினார்கள். நான் அந்தக் கூட்டத்தில் ஒருத்தன்.

19-9-2024

திறந்துவிட்டார்கள். இறங்கியது. இனிமேல் அந்தக் கோப்புறைப் பக்கம் போக மாட்டேன்.

22-9-2024, இரவு 9.10

இது பள்ளத்தூர் ஆச்சி வீட்டு மடிக்கணினி பற்றி. கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரிலிருக்கும் மகனோடு பேச ஆச்சிக்கு ஒரு மடிக்கணினி. விண்டோஸ் நகர முடியாமல் நகர்ந்ததால் நான்தான் போன வருஷம் லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். கடையில் பட்ட சூட்டில் அதிலும் கிளாம்ஏவி. இன்று போய்ப் பார்த்தால், ஸ்கேன் ஆரம்பித்ததும் 'பட்டியல் ஏழு நாளுக்கு மேல் பழசு' என்று எச்சரிக்கிறது. ஏழு நாள் இல்லை, நாற்பத்தொரு நாள்.

காரணம் மென்பொருள் இல்லை, வீடு. ரூட்டர் முகப்பில் இருக்கிறது. ஆச்சி உட்காருவது இரண்டாம் கட்டில், அடுப்படிக்குப் பக்கத்து அறையில். நடுவில் பட்டாலை, வளவு, ஒன்றரை முழச் சுவர்கள். முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் அரைத்துப் பூசிய அந்தக் காலத்து மனுஷர்கள் வைஃபை வரும் என்று கண்டார்களா? வளவில் நின்றால் இரண்டு கோடு, இரண்டாம் கட்டு நிலையைத் தாண்டினால் ஒன்றுமில்லை. மகனோடு பேசும்போது மட்டும் ஆச்சி மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு முகப்புக்கு வருகிறார், முடிந்ததும் மூடிவிடுகிறார். ஃப்ரெஷ்கிளாம் தானாக எழுந்து வேலை பார்க்க நேரமே கிடைப்பதில்லை.

"ஏந்தம்பி, அது மாசாமாசம் சந்தா கேக்குதா?" என்றார்.

"இல்ல ஆச்சி, சும்மாதான் குடுக்குறாங்க. லைன்தான் உங்க ரூமுக்கு எட்டல."

"சும்மா குடுக்குறதை வாங்கவும் முகப்புக்குத்தான் வரணுமாக்கும்" என்று சிரித்துவிட்டு, கும்மாயம் வைத்துக் கொடுத்தார்.

முகப்பிலிருந்து வளவுத் தாழ்வாரம் வழியாகக் கேபிள் இழுத்து இரண்டாம் கட்டில் இன்னொரு சின்ன ரூட்டர் வைத்துவிட்டு வந்தேன். தேக்குத் தூணில் ஆணி அடிக்கக் கூடாது என்பது ஆச்சியின் ஒரே நிபந்தனை. ஒட்டும் கிளிப்பில் முடித்தேன்.

9-10-2024, இரவு 11.30

16ஆம் தேதி குறிப்பில் 'நிம்மதியாக' என்று எழுதியதை அடித்துவிடுங்கள்.

இன்று ஐப்பசி முகூர்த்தப் பத்திரிகை ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தேன், கணினி உறைந்துவிட்டது. மவுஸ் நகரவில்லை. நாலு நிமிஷம் கழித்து உயிர் வந்ததும் என்ன ஓடுகிறது என்று பார்த்தேன். பின்னணியிலேயே ஓடும் கிளாம்ஏவி சேவையான கிளாம்டி ஒன்றரை ஜிபிக்கு மேல் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. புதுப் பட்டியல் வந்ததும் பழையதை வைத்துக்கொண்டே புதியதையும் நினைவில் ஏற்றுகிறது. அந்த நேரத்துக்கு இரட்டிப்பு ராம். நாலு ஜிபி கணினியில் இது நடக்கிற காரியமா? 'கன்கரன்ட் டேட்டாபேஸ் ரீலோடு' என்று ஒரு வரி இருக்கிறது, அதற்கு 'நோ' போட்டால் பழையதை இறக்கிவிட்டுத்தான் புதியதை ஏற்றும். அந்த ஒரு நிமிஷம் ஸ்கேன் காத்திருக்கும், பரவாயில்லை.

ஆனால் விஷயம் அதில்லை. ஓடிக்கொண்டிருந்த கிளாம்டியின் பாதையைப் பார்த்தேன்: யூஎஸ்ஆர் எஸ்பின், ஆப்ட் நிறுவுகிற இடம். லோக்கல் இல்லை. நான் நிறுவிய 1.4.1 லோக்கலில் அல்லவா இருக்கிறது? கிளாம்டியின் பதிவைத் திறந்தால் தொடக்க வரியிலேயே பதிப்பு எழுதியிருக்கிறது. 0.103 வரிசை.

அதாவது, முனையத்தில் (டெர்மினல்) நான் தட்டிப் பெருமைப்பட்ட கிளாம்ஸ்கேன் புதுசு. பின்னணியில் ஓடுகிற கிளாம்டி பழசு. பென்டிரைவைச் சோதிக்க மேசைமேல் நான் வைத்திருக்கும் ஐகான் கூப்பிடுவது கிளாம்டிஸ்கேனை, அது கேட்பது கிளாம்டியை. மூன்று வாரமாக ஒரு பென்டிரைவைக்கூடப் புது இன்ஜின் தொட்டதில்லை.

9-10-2024, இரவு 11.55

இன்னும் இருக்கிறது, சிரிக்காமல் படியுங்கள். பதிவில் நிற்கும் பதிப்பு 0.103.11 இல்லை, 0.103.12. நான் போடவில்லையே என்று ஆப்ட்டின் வரலாற்றைப் புரட்டினேன். செப்டம்பரிலேயே பாதுகாப்பு மேம்படுத்தலாக வந்து, தானாக நிறுவி, கிளாம்டியைத் தானாகவே மறுதொடக்கமும் செய்திருக்கிறது. நான் பொறுமை இழந்து தாவிய சில நாளிலேயே.

ஆக, நான் கவலைப்பட்ட பிடிஎஃப் ஓட்டையை நான் தொடாத பழைய கணக்கப்பிள்ளையே அடைத்துக்கொண்டுவிட்டார். நான் கையால் கூட்டி வந்த புதியவர் சம்பளம் வாங்காமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார், அவருக்கென்று தனியாக இருநூறு எம்பி ஏடு வேறு.

10-10-2024

லோக்கலில் போட்டதை நீக்கிவிட்டு ஆப்ட்டிலிருந்தே எல்லாவற்றையும் மறுபடி நிறுவினேன். நீக்கிய பிறகு கிளாம்ஸ்கேன் தட்டினால் லோக்கல் பாதையில் அப்படி ஒரு கோப்பு இல்லை என்று அடம்பிடித்தது. முனையத்தில் கட்டளைகளை வாங்கி ஓட்டுகிற பேஷ் பழைய பாதையை ஞாபகம் வைத்திருக்கிறது. வேறு முனையம் திறந்தால் சரியாகிவிடும். அதற்கும் அரை மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

13-10-2024

'அப்படியானால் 0.103லேயே இருந்துவிடலாமா' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. அந்த வரிசையின் ஆயுள் முடிந்துவிட்டது. 0.103.12தான் அதில் கடைசி. இனி ஓட்டை கண்டுபிடித்தால் உபுண்டுக்காரர்கள் தாங்களாகத் தைத்துக் கொடுத்தால்தான் உண்டு. 2022 நவம்பரில் வந்த 1.0 நீண்ட ஆதரவுப் பதிப்பு, உபுண்டு 24.04 அந்த வரிசையோடுதான் வருகிறது. தனியாக டெப் தேடி அலைவதைவிட, இயங்குதளத்தையே ஏற்றிவிட்டால் கூடவே இதுவும் ஏறிவிடும். தீபாவளிக்குக் கடை மூடும்போது செய்யப்போகிறேன்.

நான் சொல்வது என் கடைக் கணக்கு. மெயில் சர்வர் வைத்து ஆயிரம் பேருக்கு வடிகட்டுகிறவர்கள் 1.4ஐ நேரடியாகப் போட்டுப் பராமரிக்கலாம், அவர்களுக்கு அதற்கு ஆள் இருக்கும். எனக்கு இருப்பது பிளஸ் டூ முடித்த ஒரு தம்பி மட்டும், அவனும் ஃபிளெக்ஸ் ஒட்டப் போய்விடுவான்.

1-11-2024, பிற்பகல் 3.00

நேற்று தீபாவளி. வெடிச்சத்தத்துக்கு நடுவில் 24.04க்கு ஏற்றினேன். கரண்ட் போகக்கூடாது என்று கொப்புடையம்மனை வேண்டிக்கொண்டு யூபிஎஸ்ஸையும் முழுசாக ஏற்றி வைத்திருந்தேன். போகவில்லை. கிளாம்டி பதிவின் தொடக்க வரி இப்போது 1.0 என்கிறது. இந்தத் தடவை அதைத்தான் முதலில் பார்த்தேன்.

நடுவில் ஒரு கேள்வி வந்தது: உன் பழைய அமைப்புக் கோப்பை வைத்துக்கொள்ளவா, புதியதைப் போடவா? ராம் சிக்கலுக்குப் போட்ட வரி போய்விடுமே என்று பழையதையே வைத்தேன்.

அப்புறம் சோதனைக்காக எய்கார் கோப்பு. 68 எழுத்து, வைரஸ் இல்லை, ஆனால் எல்லா ஆன்டிவைரஸும் வைரஸ் என்று சொல்ல ஒப்புக்கொண்ட ஒன்று. பென்டிரைவில் போட்டு ஐகானை அழுத்தினேன். 'ஃபவுண்டு'. நல்லது.

2-11-2024, இரவு 10.15

நல்லது என்று எழுதினாலே அடுத்த நாள் ஏதாவது வருகிறது. எய்காரை 180 எம்பி பிஎஸ்டி (ஃபோட்டோஷாப் கோப்பு) ஒன்றோடு சேர்த்து ஜிப் செய்து சோதித்தேன். 'ஓகே' என்கிறது!

காரணம் நான் பிடிவாதமாக வைத்துக்கொண்ட அந்தப் பழைய அமைப்புக் கோப்பு. அதில் ஒரு கோப்புக்கு 25 எம்பி, மொத்த ஸ்கேனுக்கு 100 எம்பி என்று வரம்பு எழுதியிருக்கிறது. 0.105 பதிப்பிலேயே இவற்றின் இயல்பான அளவை 100, 400 என்று உயர்த்திவிட்டார்கள். ஆனால் கோப்பில் எழுதி வைத்திருந்தால் எழுதியதுதான் சட்டம். வரம்பைத் தாண்டிய கோப்பைத் திறந்துகூடப் பார்க்காமல் 'ஓகே' என்று முத்திரை குத்தி அனுப்பிவிடுகிறது. என் ஃபிளெக்ஸ் கோப்புகள் எல்லாம் இருநூறு, முந்நூறு எம்பி. இரண்டு வருஷமாக ஒன்றையும் பார்த்ததில்லை என்று அர்த்தம். இன்ஜின் பழசா புதுசா என்று மல்லுக்கட்டிய நேரத்தில் இந்த இரண்டு வரியைப் படித்திருக்கலாம்.

கோப்பு வரம்பை 500க்கும், மொத்த வரம்பை ஆயிரத்துக்கும் ஏற்றினேன். கூடவே 'அலர்ட் எக்சீட்ஸ் மேக்ஸ்' வரிக்கு 'யெஸ்'. வரம்பு மீறினால் ஓகே என்று மழுப்பாமல் வாய்விட்டுச் சொல்லும். ஜிப்பை மறுபடி கொடுத்தேன், எய்கார் மாட்டியது.

4-11-2024, பகல் 12.30

தம்பி கடையிலிருந்து அலறுகிறான்: "அண்ணே, கோயில் நோட்டீஸ்ல வைரஸ்ங்குது!" போய்ப் பார்த்தால் 620 எம்பி பேனர். வரம்பு மீறியதற்கான அறிவிப்புத்தான். அதுவும் 'ஃபவுண்டு' என்றேதான் முடிகிறது, என்ன செய்ய. பெயரில் 'லிமிட்ஸ் எக்சீடட்' என்று இருந்தால் வைரஸ் இல்லை, பெரிய கோப்பு என்று ஒரு அட்டையில் தமிழில் எழுதி மானிட்டருக்குக் கீழே ஒட்டியிருக்கிறேன்.

10-11-2024, இரவு 8.45

பள்ளத்தூர் போயிருந்தேன். ஆச்சி கணினியிலும் அந்த வரம்பு வரிகளை மாற்றினேன். பட்டியல் தேதி: நேற்று. ரூட்டருக்கு மேல் தூசி படாமல் இருக்கக் குரோஷா பின்னிய துணி ஒன்றைப் போர்த்தி வைத்திருக்கிறார். சூடாகும் ஆச்சி என்று எடுத்து மடித்து வைத்தேன். கிளம்பும்போது திரும்பிப் பார்த்தால் மறுபடி போர்த்தியாகிவிட்டது.